வாயைப் பொத்திக்கொண்டு நீங்கள் கூப்பிட்டது

அக்கா,

இன்று அருப்புக்கோட்டையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மில்லுக்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஷிப்டு முடிந்த அலுப்பு, உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. எடுத்துவிடலாம் என்று கை தானாகப் போய்விட்டது. முன்பின் தெரியாதவள், என்ன நினைப்பாளோ என்று மடக்கிக்கொண்டேன். பஞ்சும் எண்ணெயும் வியர்வையும் கலந்த அந்த மில்லு வாசம் எம்.ரெட்டியபட்டி வரைக்கும் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்ததும் உலைகூட வைக்காமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். ஒரே காம்பவுண்டில் ரெண்டு அடுப்பு, ஒரு குழாய். மூத்தவர் நீங்கள், நூல் மில்லில் வேலை. அங்கே மிஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம் என்பீர்கள். அந்தச் சத்தம் உங்கள் காதையும் பாதி தின்றுவிட்டது. அதனால் வீட்டிலும் கத்திக் கத்தித்தான் பேசுவீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில், என்னைத்தான் ஏசுகிறீர்கள் என்று நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயசு. ஒருநாள் சாயந்திரம் நீங்கள் அவளுக்கு எதிரே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குரலைத் தணித்து, “பாப்பா, முறுக்கு வேணுமா?” என்று கேட்டீர்கள். அவள் பேசாமல் உங்கள் முகத்தையே பார்த்தாள். முந்தானையை எடுத்துவிட்டு அதே குரலில் அதையே கேட்டீர்கள். “வேணும்” என்று கையை நீட்டினாள்.

“ஏ புள்ள, இவ மில்லுல நாங்க பாக்குற மாதிரி வாயப் பாக்குறாடி. காது சரியாக் கேக்கலபோல. டாக்டருகிட்டக் காட்டு.”

நான் என்ன சொன்னேன் தெரியும்தானே? “ஒங்களுக்குக் கேக்கலன்னா ஊருல எல்லாரும் செவிடா? ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்க.” பொம்பளைப் பிள்ளை. செவிடு என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் காலத்துக்கும் போகாது என்ற பயம் எனக்கு. அது வாய் வழியாகக் கோபமாக வந்தது. ஏழு மாசம் உங்களோடு பேசவில்லை. பிள்ளையையும் உங்கள் பக்கம் விடவில்லை. குழாயடியில் உங்கள் குடம் இருந்தால், நீங்கள் எடுத்துப் போகும்வரை உள்ளேயே நிற்பேன். என்ன வீம்பு அக்கா அது! இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

அந்த ஏழு மாசத்தில் நான் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அவள் காதில் விட்டேன். அவளுக்கு எப்போதும் சளி, ராத்திரி குறட்டை, வாயைத் திறந்துகொண்டே தூக்கம். சளிக்கு மருந்து வாங்கினேன், காதைக் காட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், “சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குறா” என்றார். வீட்டுக்குக் கூட்டிவந்து முதுகில் வைத்தேன். கேட்காத பிள்ளையைக் கேட்கவில்லை என்று அடித்தேன்.

பிறகு ஒருநாள், பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடுரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. நான் கத்தினேன். அவள் பாட்டுக்குப் போகிறாள். ஆட்டோ ஒரு முழத்தில் நின்றது. “ஏம்மா, புள்ளைக்குக் காது இல்லையா?” என்று அந்த ஆள் சத்தம் போட்டான். அவள் திரும்பவே இல்லை.

அன்று மில்லு பஸ்ஸை விட்டு நீங்கள் இறங்கும் இடத்தில் போய் நின்றேன். “அப்பவே சொன்னேன்ல” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. “பந்தல்குடியில ஒரு பையனுக்கு இதே மாதிரி இருந்து மதுரையில ஆப்பரேசன் பண்ணிருக்காக. ஞாயித்துக்கிழமை போவோம்” என்றீர்கள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தனை நாளும் நீங்கள் கேண்டீனில் ஒவ்வொருத்தியிடமாக விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வைத்தியம் பார்த்த பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். பந்தல்குடியில் அந்தப் பையனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு, “ஒம் பேரு என்னலே?” என்றீர்கள். அவன் எரிச்சலோடு, “எத்தன தடவ சொல்றது?” என்றான். “போதும், இந்த டாக்டருகிட்டயே போவோம்” என்று எழுந்துவிட்டீர்கள்.

மதுரையில் அவர் குழந்தைகளுக்கென்றே காது மூக்கு தொண்டை பார்ப்பவர். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கெட்டியாகக் கட்டி நிற்கிறது, அதனால்தான் கேட்கவில்லை என்றார். சின்ன ஓட்டை போட்டு, குருணை அளவுக்கு ஒரு குழாய் வைத்தால் உள்ளே காற்று போகும், நீர் வடிந்துவிடும், குழாய் பின்னால் தானாக விழுந்துவிடும். பல மாசமாக இருப்பதால் இனியும் தள்ளிப்போட்டால் பேச்சும் படிப்பும் பின்தங்கும் என்றார். “யாரும்மா மொதல்ல கவனிச்சது?” என்று கேட்டார்.

“இவதான் சார். பெத்தவளுக்குத் தெரியாதா?” என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆப்பரேசன் முடிந்துவிட்டது. எனக்குத்தான் அது ஒரு யுகம். கதவைப் பார்த்தபடி நான் அழ, நீங்கள், “மயக்கம் தெளிஞ்சு ஒன்னத்தான் தேடுவா, மூஞ்சியத் தொடச்சுக்க” என்று கத்தி, அந்த வராண்டாவே நம்மைத் திரும்பிப் பார்த்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, “பஸ்ஸு ஏன் இம்புட்டுக் கத்துது?” என்றாள். அப்புறம் உங்களைப் பார்த்து, “பெரியம்மா, கத்தாதீக. எனக்குக் கேக்குது” என்றாள். உங்களுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. நான் உங்கள் முகத்துக்கு நேராக வந்து உதட்டை அசைத்துச் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே அழுதீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! கல்யாண வீட்டில், கோயில் கொடையில், “எங்கம்மாதான் எனக்குக் காது கேக்கலன்னு கண்டுபிடிச்சாக” என்று மகள் பெருமையாகச் சொல்வாள். நீங்கள் பக்கத்தில் இருந்து, “ஆமா, ஆமா” என்பீர்கள். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நானும் நாளைக் கடத்தினேன். பொங்கல் கழிந்து, மூன்று நாள் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நானும் மகளும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள், என்னைவிட உயரம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானை, முறுக்கு, நான் பேசிய பேச்சு, ஏழு மாசம், முதுகில் விழுந்த அடி, டாக்டர் ரூமில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, ஒன்றையும் விடவில்லை.

அவள் கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “இத முன்னாடியே சொல்லியிருந்தா, நான் பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்லம்மா?” என்றாள்.

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அது உங்களுக்கு வந்து சேராமல் போனது என்னால்தான் அக்கா.