ஃபர்லோ என்று ஒரு சொல்

அன்புள்ள உனக்கு,

இங்கே நான் நலம். உன் தோள்வலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

திங்களன்று கிடங்கு மேலாளர் என்னை ‘ஃபர்லோ’ செய்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். பதவி உயர்வு என்று நினைத்து நன்றி சொல்லிக் கைகுலுக்கினேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

அறையில் உடன் தங்கியிருக்கும் டிரைவர்தான் அர்த்தம் சொன்னார்: “வேலைய விட்டுத் தூக்கலப்பா. கூப்பிடுற வரைக்கும் வராதே, சம்பளமும் கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க. நீ போய் கைய குடுத்துட்டு வந்திருக்கே.” இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கவலைப்படாதே, கூப்பிட்டுவிடுவார்கள். சும்மா இருக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. காலையில் சீருடை மாட்டிக்கொண்டு கிடங்கு வாசல்வரை போய்த் திரும்புகிறேன்.

இனி பேசும்போது போனை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். வீட்டுச் சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன். எங்கே என்று கேட்காதே.

உன்னவன்