பெயர் அழிந்த கோப்புகள்

இன்றைக்கும் உன் கணினியைப் போட்டேன். உள்ளே மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் சூடேறிய தூசியின் மணம் அறை முழுக்கப் பரவியது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து, "அந்தச் சனியனைத் திரும்பவும் போட்டிட்டியளோ?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு யன்னலைத் திறந்துவிட்டாள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு இந்தப் பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது.

ஒருகொடவத்தைக் களஞ்சியம் ஒன்றில், எவரோ கழித்துவிட்ட கணினிகளைக் குவித்து விற்றபோது நீ வாங்கியது இது. இதற்குள் ஐந்நூறு ஜிபி டிஸ்க் பூட்டப்போவதாகச் சொன்னாய். நான் சிரித்தேன். கணினியை எழுப்பிவிடுகிற பழைய பயோஸுக்கு அவ்வளவு பெரிய டிஸ்க் விளங்காது, கண்டதும் உறைந்து நின்றுவிடும். நீ அசரவில்லை. சின்ன டிஸ்க் ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றினாய். பயோஸ் அமைப்பில், பெரிய டிஸ்க்குக்கு உரிய இடத்தில் ‘இல்லை’ என்று பதிந்தாய்.

"பயோஸுக்கு இல்லையெண்டு சொல்லிப்போடோணும் மச்சான். லினக்ஸ் அதை நம்பாது, தானே தேடிப் பிடிக்கும்" என்றாய். பிடித்தது. ஐந்நூறும் திரையில் வந்தபோது உன் கொட்டாஞ்சேனை வாடகை அறையே அதிர நீ கை தட்டினாய். உன்னை அப்படிச் சந்தோசமாக நான் அதற்குப் பிறகு காணவில்லை.

அந்த டிஸ்க் எதற்கென்று எனக்குத் தெரியும். தொலைபேசி இல்லாத காலத்தில் உன் தங்கச்சி வன்னியிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் பேசி அனுப்புவாள். யுத்தத்தின் கடைசிச் சண்டைக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவளின் படத்தோடு நீ ஏறி இறங்கிய, காணாமல்போனவர்களைப் பதியும் அலுவலக வரிசைகளில், உன்னைப்போலவே கசட்டுகளோடு காத்திருந்தவர்களைச் சந்தித்தாய். அவர்களின் கசட்டுகளையும் வாங்கி அந்த டிஸ்க்கில் பதிந்து, ஆளுக்கொரு சீடி செய்து கொடுத்தாய். ஒலிக் கோப்புகளைச் சுருக்கி வைத்தால் இடம் மிச்சம் என்று நான் சொன்னதற்கு, "மூச்செல்லாம் வெட்டுப்பட்டுப் போகும், விசரா" என்று ஏசினாய். ஊருக்கெல்லாம் நகல் செய்தவன் உனக்கென்று ஒன்று செய்யவில்லை. உன் கசட்டுகளோ பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போயின. அவள் குரல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அதையும் நீ ஹெட்ஃபோனில் தனியே கேட்பாய். எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

நோயில் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் அந்தக் குரலை முதன்முதலாக என்னிடம் கொண்டுவரச் சொன்னாய். அறைப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்து, "தங்கச்சின்ர குரலை ஃபோனில போட்டுக்கொண்டு வா மச்சான். ஒருக்காக் கேக்கோணும்" என்றாய்.

போனேன். கணினி உறைந்து நின்றது. பயோஸ் அமைப்பை நினைவில் வைத்திருக்கும் சின்னப் பற்றரி செத்து, நீ பதிந்த ‘இல்லை’யும் அதோடு அழிந்திருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. உனக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாய். நக்கலடிப்பாய் என்ற வீம்பில் எடுக்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டு என் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்த விண்டோஸ் கணினியில் கொழுவினேன். லினக்ஸ் டிஸ்க் அதற்குப் புரியவில்லை. இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யவா என்று கேட்டது. கப்பல் சரக்குப் பத்திரங்களுக்கு நாள் முழுக்க ‘ஓம்’ அமத்திப் பழகிய விரல். அமத்திவிட்டேன். அவசர ஃபார்மட் வேண்டாம், முறையாகச் செய்வோம் என்று அந்தக் குறியையும் எடுத்துவிட்டேன். அவசர ஃபார்மட் என்றால் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் போயிருக்கும், இது உள்ளதையே துடைக்கும். என் கெட்டித்தனத்தை என்ன சொல்ல!

பச்சைக் கோடு மூன்றில் ஒரு பங்கு ஓடியபோது, பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழியுதே!" என்றார். வயரைப் பிடுங்கினேன்.

பின்னேரம் உன்னிடம் வெறுங்கையோடு வந்தேன்.

"என்ன, உறைஞ்சு நிண்டிட்டுதோ? ‘இல்லை’ போட்டுப் பார்த்தனியா?"

"ஓம் மச்சான், போட்டனான்."

"அப்ப வரும். அவசரமில்லை, நாளைக்குக் கொண்டு வா."

அடுத்த நாளும் நாளைக்கு என்றேன். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் உன் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். நான் பொய் சொல்வது உனக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. தெரிந்தும் பேசாமல் இருந்திருப்பாய் என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

உன் அறையை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது இந்தப் பெட்டியை எடுத்து வந்தேன். புதுப் பற்றரி போட்டு, டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி, உன் முறைப்படியே ‘இல்லை’ பதிந்ததும் லினக்ஸ் எழும்பியது. மீட்பு நிரலை ஓடவிட்டேன். அழியாத பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான ஒலிக் கோப்புகள் வந்தன. பெயர்ப் பட்டியல் அழிந்ததால் ஒன்றிலும் பெயரில்லை, வெறும் இலக்கங்கள். வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். சேவல் கூவுகிறது, யாரோ இருமுகிறார்கள், குழந்தை எண் சொல்கிறது. "அண்ணா" என்று தொடங்கும் பெண் குரல்களைத் தனியே பிரித்தேன். ஏழு இருந்தன.

கசட் தந்தவர்களின் முகவரிகளை நீ ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாய், அந்த வீடுகளுக்கு ஏழு குரல்களையும் கொண்டு போனேன். பாமன்கடையில் ஒரு அம்மா இரண்டு சொல் கேட்டதுமே, "இது என்ர சின்னவள். தமையனோட கதைக்கிறாள்" என்றார். அவரிடம் நீ கொடுத்த சீடி இருக்கிறது. ஆனாலும், "இன்னொருக்காப் போடுங்கோ தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஐந்து குரல்களுக்கு ஆள் கிடைத்தது. சில வீடுகளில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மிச்சம் இரண்டு. ஒருத்தி அங்கே மழை என்கிறாள், உங்களுக்குச் சளி பிடிக்கும், தலையைத் துவட்டுங்கோ என்கிறாள். மற்றவள் எதற்கோ சிரித்துவிட்டுச் சொல்ல வந்ததை மறந்துபோகிறாள். இரண்டில் ஒருத்தி உன் தங்கச்சியாக இருக்கலாம். இரண்டு பேரும் அவளாக இல்லாமலும் இருக்கலாம், அவளை நான் அன்றைக்கே அழித்திருக்கலாம். கேட்டதும் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருந்தாய்.