முள்ளங்கி பூத்தது ஏன், அத்தான்?

என் வாதத்தையெல்லாம் சிரித்தே முறித்த பிரியமான அத்தான்,

முள்ளங்கி பூத்திருக்கிறது. ஒரே ஒரு செடி. இங்கே தூத்துக்குடியில், அக்கா வீட்டுக் கிணற்றடிப் பாத்தியில், இந்த உப்புக்காற்றில். மற்றதெல்லாம் இலையோடு நின்றுவிட்டது.

நீங்கள் வேலை பார்த்த மலைப் பண்ணையில் பொறுக்கிச் சேர்த்த விதை. சீமை முள்ளங்கிக்குக் குளிர் பட்டால்தான் தண்டு ஏறிப் பூக்கும், கடற்கரையில் கிழங்கோடு சரி என்பது விவசாயக் கல்லூரியில் நான் படித்த பாடம். நீங்களோ, "எல்லா விதைக்கும் ஒரே குளிரா வேணும்? ஒண்ணு ரெண்டு குளிரே இல்லாமலும் பூக்கும்ல. வித்தியாசம் விதைக்குள்ளயே இருக்கு" என்றீர்கள். பண்ணை அதிகாரி சிரித்தார். நானும்தான். விதைத்துக் காட்டுவதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பூவைப் பார்த்ததும் அக்கா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "ஏலே, பூத்துட்டு பாத்தியா! அவுகளப் பாத்துச் சிரிச்சவன எல்லாம் இங்கன கூட்டிட்டு வா. மொதல்ல நீ வந்து நில்லு!"

நீங்கள் போன பிறகு அவள் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். விதையை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"எங்கன வைப்பேன்? சூடு படாம வைன்னு சொல்லிட்டுத்தான போனாக. எங்க எறால் கம்பெனி ஐஸ் ரூம்ல, பெட்டிக்கு மேல வச்சிருந்தேன்."

விதைக்க எடுத்தபோது பொட்டலத் தாள் சுருங்கியிருந்ததைக் கடற்காற்று என்று நினைத்திருந்தேன். ஐஸ் தண்ணீர்! ஈரம் குடித்த விதை குளிரில் கிடந்தால், அதற்கு மலையில் இருந்துவிட்டு வந்த மாதிரிதான். பொட்டலத்தின் அடியில் கிடந்த ஒன்றிரண்டு விதை மட்டும் நனைந்திருக்கலாம். அப்படியென்றால் இந்தச் செடி பூத்தது பிறவிக் குணத்தாலா, இறால் பெட்டியாலா?

அதையும் அப்படியே சொன்னேன். "ஏலே, அப்ப அவுக சொன்னது பொய்யா?" என்றாள். பொய் என்று சொல்லவில்லை, தெரியவில்லை என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். புதுத் துறைமுகம் திறந்திருக்கிறதே, கப்பல் பார்க்கப் போவோம் என்று கூப்பிட்டேன். வரவில்லை. சோற்றுத் தட்டை டங்கென்று வைக்கிறாள்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நீங்கள் தேடிய செடிதானா இது?

இதிலிருந்து விதை எடுத்து, ஐஸே காட்டாமல் விதைத்தால் தெரிந்துவிடும். ஆனால் முள்ளங்கிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. துணைக்கு வேறு செடியும் பூக்கவில்லை. விரியாத மொட்டைப் பிளந்து, அதே செடியின் விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தைத் தடவினால் ஏற்கும். ஊசியோடு உட்கார்ந்தேன். என் அவசரத்துக்கு மொட்டெல்லாம் நசுங்கியது. அக்கா வந்து ஊசியைப் பிடுங்கினாள். "தள்ளுல. கையா இது, மம்பட்டி!"

இப்போது தினமும் கம்பெனிக்குப் போகுமுன் அவளே செய்கிறாள். ஒரு காய் பிடித்திருக்கிறது. என்னோடு பேச்சு மட்டும் இல்லை.

நீங்கள் சொன்னதுதான் சரியாக வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அத்தான். சோதனை செய்கிறவன் அப்படி ஆசைப்படக் கூடாது. என்ன செய்ய?

அடுத்த மழைக்கு விதைப்பேன். பூத்தால் பூவோடு, பூக்காவிட்டால் கிழங்கோடு, நாசரேத்தில் உங்கள் கல்லறைக்கு வருகிறேன். எதுவானாலும் அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

இன்னும் 'தெரியவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சினன்,
ஜெபராஜ்