உங்கம்மா கேட்ட ஒரு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மாடிக் குழாய் ஒழுகியதைச் சரி பண்ணியாகிவிட்டது. சித்தி கண் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து எல்லார் வீட்டுத் தூசியையும் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. உன் இருமல் போனில் கேட்கும்போதே பயமாக இருக்கிறது, ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்ப்பதை முதலில் நிறுத்து, உடம்பு இருந்தால்தான் வேலை.

போன வாரம் தூக்குத் தண்டனையே இனி கிடையாது என்று சட்டம் வந்த அன்றைக்கு நீ போன் பண்ணி, அம்மா எப்படிப்பா தூக்குக்கு எதிரா இறங்கினாங்க, நீங்க சொன்னதே இல்லையே என்று கேட்டாய். நான் சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் ஜெயில் ஸ்டோரில் கிளார்க்காக இருந்தேன், உங்கம்மா தையல் கடையில் கைதிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள் என்பது உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் மேலதிகாரி கொடுத்தார் என்று கறுப்புத் துணியும் அளவுச் சீட்டும் கொண்டுவந்து கொடுத்தேன். இது எதுக்கு என்று கேட்டாள். ஏதோ மெஷினுக்கு உறையாம் என்றேன். எனக்குத் தெரியும் பாப்பா, தெரிந்தேதான் சொன்னேன். அவளும் ஓரத்தை ரெண்டு மடிப்பு மடித்து நன்றாகத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் பேப்பரில் ஒருவனைத் தூக்கிலிட்ட செய்தி வந்தது, முகத்தை மூடும் கறுப்புத் துணி வரைக்கும் எழுதியிருந்தான். படித்துவிட்டு அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. அவன் பேர் என்ன என்று மட்டும் கேட்டாள். பேப்பரில் கைதி என்றுதான் போட்டிருந்தது. அவன் சட்டை அளவு எனக்குத் தெரியும், போர்வை எப்போது வாங்கினான், தட்டு எப்போது மாற்றினான் எல்லாம் தெரியும், பேர் தெரியாது. தெரியலை என்றேன். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை விட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பேரை அவளே விசாரித்துத் தெரிந்துகொண்டாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூணு பஸ் மாறிப் போய் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். அதிலிருந்து ஜெயில் துணி தைக்கவே இல்லை. ஆனால் ஜெயிலை விடவும் இல்லை. தூக்குத் தேதி குறித்த ஒவ்வொருத்தருக்கும் கருணை மனு எழுதினாள், கழுத்தில் அளவு டேப் தொங்கும், கையில் கையெழுத்து நோட்டு இருக்கும். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் கையெழுத்தும் கொடுக்காமல் வெளியே போக முடியாது. சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, வீட்டை அடக்கி வைக்கத் தெரியாதாய்யா உனக்கு என்றார், ரெண்டு தடவை பிரமோஷன் கைநழுவியது. நான் வீட்டில் குதித்தேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் என் வேலையைப் பார்க்கறேன், சாப்பாட்டுக்கு மட்டும் சேர்ந்து உட்காரலாம் என்றாள். இருபது வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தோம். நீயும் ஏழாம் வகுப்பில், கொலைகாரங்களுக்குப் பரிஞ்சு பேசற டெய்லர் பொண்ணு என்று பிள்ளைகள் கேலி பண்ணினார்கள் என்று, அவள் தைத்த யூனிஃபார்மைப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தாய். அவள் கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கி வந்து உன் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை நினைத்து இப்போது வருத்தப்படாதே, நானே அப்படி இருந்தவன்தான்.

பேக்கரிக்காரன் கேஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். குடித்துவிட்டுச் சண்டையில் ஒரு லாரி டிரைவரைக் குத்திக் கொன்றுவிட்டான். அவனுக்காக இவள் அலைகிறாள் என்று தெரிந்து டிரைவர் மனைவி கடைக்கு வந்து மெஷின் மேலிருந்த துணியெல்லாம் அள்ளித் தெருவில் வீசி, உன் புருஷனைக் கொன்னிருந்தா இப்படி அலைவியாடி என்று கத்தினாள். நான் அன்றைக்கு லீவு, உள்ளேதான் இருந்தேன், வெளியே வரத் தைரியம் இல்லை. உங்கம்மா சொன்னாள், தெரியலைம்மா, நானும் உன்னை மாதிரிதான் கத்தியிருப்பேன், அப்பவும் யாராவது ஒருத்தி என் முன்னாடி வந்து நின்னு வேண்டாம்னு சொல்லணும். அந்தம்மா கையெழுத்துப் போடவில்லை, கடைசிவரை போடவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை சண்டை போட வருவாள், அப்புறம் சண்டையோடு டீயும் குடித்துவிட்டுப் போவாள். தேதிக்கு அஞ்சு நாள் இருக்கும்போது பேக்கரிக்காரனுக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அப்படிப் பதினாலு பேர். ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை, அந்த ஆறு நாளும் கடை திறக்கவில்லை. நான் ரிடையரான மறுநாள் நோட்டை எடு, நானும் போடறேன் என்றேன். கோழி கிறுக்கின மாதிரி போடாதீங்க, மனுவைத் தள்ளிடப் போறாங்க என்றாள், அவ்வளவுதான், ஆனால் அன்றைக்குப் பூராவும் முணுமுணுவென்று பாடிக்கொண்டே தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நூலக ஹாலில் அவளுக்காகக் கூட்டம் போட்டார்கள். நாற்காலி பத்தவில்லை. அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது, சட்டத்தைப் பார்க்காமல் போய்விட்டாளே என்று எல்லாரும் சொன்னார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பெருமையாக நாலு வார்த்தை எழுதி வைத்திருந்தேன், எழுந்ததும் அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, அந்தக் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான், பொய் சொன்னவனும் நான் என்று சொல்லிவிட்டேன். அப்போது டிரைவர் மனைவி எழுந்தாள், நரைத்துப் போய்விட்டாள். நான் இன்னும் அவனை மன்னிக்கலை, ஆனா அவனைத் தொங்கவிட்டிருந்தா அந்தப் பாரத்தையும் நான்தானே சுமந்திருப்பேன், அந்தம்மாகிட்ட இதைச் சொல்லணும்னு இருந்தேன், சொல்லாமலே விட்டுட்டேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நான் நடுவிலேயே எழுந்து வெளியே வந்தால் பேக்கரிக்காரன் வெயிலில் நிற்கிறான். விடுதலையாகி நாலு வருஷம் ஆகிறது. உள்ளே வரலாமே என்றேன். டிரைவர் வீட்டம்மா உள்ளே இருக்காங்களே சார், என் மூஞ்சியை எதுக்கு அவங்க பார்க்கணும் என்றான். கூட்டம் முடியும்வரை நானும் அவன் பக்கத்திலேயே நின்றேன். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது பாப்பா, அதற்குத்தான் அவள் அத்தனை பஸ் ஏறியிருக்கிறாள்.

கடைசிக் காரியத்துக்கு வர முடியவில்லை என்று இனியும் அழாதே, லீவு கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய். பேத்திக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, நான் பொய் சொன்ன இடத்தையும் விடாமல் படி. மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். மூணு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு இருமலைப் பற்றி மறக்காமல் எழுது. இப்போதெல்லாம் தெருவில் என்னை யாரும் கிளார்க் என்று சொல்வதில்லை, இன்னார் வீட்டுக்காரர் என்று சொன்னால்தான் தெரிகிறது, எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
டெய்லரம்மா வீட்டுக்காரர்,
உன் அப்பா.