சுவரைப் பார்த்துத் திரும்பும் தட்டு

12.8.1988

என் பாகத்தில் இருந்த கிணற்றை என் தம்பி கஜபதி தூர்த்துவிட்டான். நான் கண் ஆபரேஷனுக்காக எழும்பூரில் படுத்திருந்தபோது செய்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரி லாரியாக மண்ணும் இடிசலும் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, தன் வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டிக்கொண்டான். நாலு வருஷம் ஆகிறது. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவனோடு நான் பேசுவதில்லை. அவன் வந்து தப்பு என்று சொல்லும்வரை பேசவும் மாட்டேன்.

இன்று ரெக்கார்ட் பிளேயருக்கு நானே தண்டு செய்ய ஆரம்பித்தேன். பூந்தமல்லியில் வாங்கிய தண்டு உறுமுகிறது. நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் மாவு மில் ஓடுகிறது. தட்டு உட்கார்ந்து சுற்றுகிற அந்தத் தண்டில்தான் கோளாறு.

20.8

பால் பேரிங் போட்டேன். கரகரப்பு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கடைசல் லேத் வைத்திருக்கும் தசரதன் சிரித்தான். “இன்னா நைனா, மோட்டார் பைக்குல போடறத பாட்டுப் பொட்டியில போட்டா பைக்கு சத்தம்தான் வரும்.” சிரிக்கட்டும். கழற்றிவிட்டேன்.

3.9

பித்தளை புஷ், தண்டு நுழைகிற குழல். தசரதனின் ஆளிடம் விடாமல் நானே கடைந்தேன். லேத் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பார்த்துக் கற்றதுதான். எண்ணெய் விட்டுத் தண்டை இறக்கினால் காற்றைத் தள்ளிக்கொண்டு மெல்ல இறங்குகிறது. உறுமல் குறைந்தது. போகவில்லை.

14.9

நைலான். முதலில் நன்றாக ஓடியது. ஈரக்காற்றில் உப்பித் தண்டைக் கவ்விக்கொண்டது. வீண்.

26.9

டெஃப்லான். அப்படி ஒரு வழுக்கல். ஆனால் மெத்தென்றிருக்கிறது, தண்டு உள்ளே ஆடுகிறது. யோசித்துப் பார்த்து இப்படி முடிவு செய்தேன்: பக்கவாட்டில் பிடிக்க கன்மெட்டல் வெண்கல புஷ். அடியில் மட்டும் டெஃப்லான் பொத்தான், அதன்மேல் ஒற்றை எஃகுக் குண்டு. தண்டு அந்தக் குண்டின்மேல் நிற்கும். தொடுகிற இடம் கடுகளவு.

2.10

வாயால் ஊதினால் சுற்றுகிறது. நிற்க மனமில்லாமல் சுற்றுகிறது. இதை யாரிடம் சொல்வது?

4.10

தட்டின் வார்ப்பில் ஒரு பக்கம் கொஞ்சம் கனம். பிறகு சரிசெய்யலாம் என்று அங்கே சாக்பீஸ் கோடு போட்டு வைத்தேன். ரசமட்டம் வைத்து மேசையைச் சமன் செய்தேன். கோடு வாசலைப் பார்க்கும்படி தட்டை நிறுத்திவிட்டு எஸ்டேட்டுக்குப் போனேன். வந்து பார்த்தால் கோடு கஜபதியின் சுவரைப் பார்த்து நிற்கிறது. மோட்டாருக்குப் பெல்ட் கூட மாட்டவில்லையே?

5.10

மறுபடியும்.

7.10

இன்று அறையைப் பூட்டிக்கொண்டு போனேன். வந்தால், கோடு சுவரைப் பார்த்து.

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கஜபதியின் மனைவி வரலட்சுமியிடம் கேட்டேன். அவளோடு எனக்குச் சண்டை இல்லை. “பூட்டிகினு போயிட்டு அப்பால யாரு வந்தான்னு கேக்கறீங்களே மாமா! அந்தத் தட்டுல இன்னா பிரியாணியா கீது, எகிறிக் குதிச்சு வந்து துன்றதுக்கு?”

ஹைவேயில் போகிற லாரிகளின் அதிர்வு என்கிறான் தசரதன்.

13.10

பந்த். ஹைவேயில் ஒரு சைக்கிள் கூட இல்லை. காலையில் மேசையைச் சமன் செய்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டி, கண் முன்னாலேயே தட்டு திரும்பிற்று. யாரோ விரல் வைத்து நகர்த்துவதுபோல் அவ்வளவு மெதுவாக. சுவரைப் பார்த்ததும் நின்றது. ரசமட்டத்தில் குமிழி வாசல் பக்கம் ஒதுங்கியிருந்தது. அப்படியானால் சுவர்ப்பக்கம் தரை இறங்குகிறது, தட்டின் கனமான பக்கம் சரிவைத் தேடித் திரும்புகிறது. ஆனால் சுவரில் மயிரிழை விரிசல் கூட இல்லை. தரையிலும் இல்லை.

சுற்றாத ரெக்கார்டின்மேல் முள்ளை வைத்து ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருப்பினேன். உறுமல் இருக்கிறது. தட்டு நிற்கிறது, உறுமல் இருக்கிறது! இத்தனை நாள் பித்தளையையும் நைலானையும் திட்டினேனே. ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். கனமான மூட்டையை இழுப்பதுபோல் ஓர் இழுப்பு. நிற்கிறது — காதுகொடுத்துக் கேட்பதுபோல். பிறகு மறுபடி இழுப்பு.

14.10

மேசையை வாசல் அறைக்குத் தள்ளினால் குறைகிறது. சுவரோரம் வைத்தால் கூடுகிறது. கிணறுதான்.

அதன் மேலேதான் கஜபதியும் வரலட்சுமியும் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். சொல்ல வேண்டுமா? கட்டினவன் அவன். அவன் வந்து கேட்கட்டும்.

30.10

மழை. இழுப்புக்கு நடுவே நிற்கும் நேரம் சுருங்கி வருகிறது.

12.11

வரலட்சுமியைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டவள் சட்டென்று கழற்றிவிட்டாள்.

“மாமா, கீழ யாரோ கீறாங்க.”

“மண்ணு சரியுதும்மா.”

“மண்ணு மூச்சு வுடுமா?”

போய் கஜபதியிடம் சொல்லியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கத்தியது எனக்குக் கேட்டது. “நாலு வருசமா அந்தக் கெணத்தையே புட்ச்சுகினு தொங்குது அண்ணாத்த. எல்லாம் வயித்தெரிச்சல். இப்போ பேய்க் கதை வுடுது, நீயும் நம்பு!”

நானாடா பேய்னு சொன்னேன்? தட்டு சொல்லுதுடா. முள்ளு சொல்லுது. நாலு வருசம் பேசாம கெடந்தவன் இதுக்குப் போயி பொய் சொல்லுவேனா?

13.11

போனேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் வாசல்படி ஏறினேன். அவனைப் பார்க்காமல் நேராக அந்த அறைக்குப் போய், மிச்சமிருந்த எஃகுக் குண்டு ஒன்றைக் கதவோரம் தரையில் விட்டேன். உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. எதிர்மூலையிலிருந்து விட்டேன். அதே இடம். கஜபதி என் கையிலிருந்து குண்டைப் பிடுங்கி, ஜன்னல் பக்கத்திலிருந்து தானே விட்டுப் பார்த்தான். அதே இடம்.

கஜபதி கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை நான் தூக்கினேன். என் வீட்டில் கொண்டுவந்து போட்டோம்.

16.11

மத்தியானம் அந்த அறையின் தரை உள்ளே போயிற்று. பெரிய சத்தம்கூட இல்லை, விழுங்கினதுபோல். அறையில் யாரும் இல்லை.

எட்டிப் பார்த்தோம். கொட்டின மண், இடிசல், இப்போது விழுந்த சிமெண்ட் பாளம், எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கஜபதி ஒரு செங்கல்லைப் போட்டான். மூவரும் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. வரலட்சுமி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

17.11

கிணறு வெட்டும் வேம்புலி வந்து பார்த்தான். “இத்த வெட்னது எங்கப்பன், சாமி. அவுரு இம்மா ஆழம் வெட்டலயே” என்று சொல்லிவிட்டுக் கூலி கேட்காமல் போய்விட்டான். அவனை மறுபடி அழைத்து வரவேண்டியது கஜபதி. தான் தூர்த்ததைத் தானே வாயால் சொல்லி அழைத்து வரட்டும்.

அறைக் கதவைப் பலகை வைத்து ஆணி அடிக்க வேண்டியதும் கஜபதி. இன்றைக்கே.

வரலட்சுமி மூவருக்கும் என் அடுப்பில் சமைக்க வேண்டும். ரசத்தில் மிளகைக் குறைக்க வேண்டும். சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது.

அவர்கள் சாமான்களைக் கொண்டுவரக் கொல்லைச் சுவரில் வழி உடைக்க வேண்டியது நான்.

யாரும் இனிமேல் கல் போட்டுப் பார்க்கக் கூடாது.

என் சமையலறைத் தரையிலும் பிளேயரை இறக்கி, முள்ளை வைத்துக் கேட்க வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டாம். கஜபதி கேட்கட்டும். அவன் ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் நம்பிக்கொள்கிறேன்.