சுள்ளியின் முதல் வரி

12 ஜூன் 2025, வியாழன்

காலை ஐந்தரைக்கு முடிந்தது. மொத்த நிரலும் முப்பத்தெட்டு கிலோபைட். ஒரு செல்ஃபியின் எடையில் இதை ஐம்பது தடவை அனுப்பலாம்! விளம்பரம் இல்லை, ஆடும் அசையும் படங்கள் இல்லை, உள்ளே வர ஆறு பாஸ்வேர்டு இல்லை. வலைப்பூ எழுத வேண்டுமா, போனில் எழுது, அனுப்பு, தீர்ந்தது. எழுதுகிறவரின் முதல் வரியே தலைப்பு. அந்தத் தலைப்பே கோப்பின் பெயர். இவ்வளவு சுலபமாக யோசித்ததற்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பெயர் சுள்ளி. கனமே இருக்காது, சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் வெள்ளையால்லம்மா இருக்கு?" என்றார். அதுதானப்பா விஷயம்.

16 ஜூன், திங்கள்

சுள்ளியைக் கட்டற்ற உரிமத்தோடு வெளியிட்டுவிட்டேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். என் பெயர் மட்டும் ஓர் ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டாஃப் ரூமில் அருணா மிஸ், "சும்மாவா குடுத்தீங்க? யாராச்சும் அப்புடிச் செய்வாங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடமாக இந்த பாலிடெக்னிக்கில் யார் யாரோ எழுதிய நிரல்களை நடத்திக்கொண்டிருக்கிறேன். அவர்களும் சும்மா கொடுத்ததுதானே? அன்புமொழி எழுதியது ஒன்றும் உலகத்தில் நடமாடட்டும்.

24 ஜூன், செவ்வாய்

இன்றும் யாரும் எழுதவில்லை.

3 ஜூலை, வியாழன்

முதல் ஆள் கிடைத்துவிட்டார்! எங்கள் காலேஜ் பஸ் டிரைவர் சோலையப்பன் அண்ணன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஊர், முந்திரிக் கொல்லை உண்டு. காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவே ஆறு மணி நேரம் டிரைவர் சீட்டில்தான் இருப்பார்.

"நான் என்னத்தம்மா எழுதுறது?"

"பஸ்ஸுல நடக்குறத எழுதுங்கண்ணே."

ரோட்டுப் பள்ளத்தைப் பற்றி எழுதிவிட்டார். எந்தப் பள்ளத்தில் எந்த சீட்டுக்காரர் எவ்வளவு உயரம் எழும்புவார் என்று கணக்கு! சாயங்காலம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியில் 'உ' என்று இருந்தது. பிள்ளையார் சுழி. அப்பா முகம் சுருங்கியது. "அந்த மொத எழுத்த விட்டுட்டுப் படி."

அப்பா பதினாறு வயதிலிருந்து கட்சிக்காரர், சாமி கும்பிடாதவர், பெயரே உதயசூரியன். எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டில்கூட அந்த எழுத்து ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பே பரீட்சைத் தாளின் தலையில் 'உ' போடும்போது நான் மட்டும் நேராகக் கேள்விக்குப் போவேன்.

பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் 'உ' என்றே தலைப்பு வந்து நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் பாணி என்று விட்டுவிட்டேன்.

13 ஆகஸ்ட், புதன்

வாரத்துக்கு இரண்டு எழுதியவர் இப்போது தினமும் எழுதுகிறார். கஜா புயலில் அவர் கொல்லையில் நூற்றுப்பன்னிரண்டு முந்திரி மரங்கள் விழுந்தன. அந்த மரங்களை எழுத ஆரம்பித்திருக்கிறார். இன்று மூன்றாவது பதிவு, காய்க்காத ஒரு மரத்தைப் பற்றி. வருடா வருடம் அதன்முன் நின்று வெட்டிப்போடுவேன் என்று மிரட்டுவாராம். புயல் முடிந்து போய்ப் பார்த்தபோது அதற்குத்தான் அதிகம் அழுதாராம்.

அப்பா கேட்டு முடித்ததும், "இன்னொரு தடவ படிம்மா" என்றார்.

என் முப்பத்தெட்டு கிலோபைட் இல்லாவிட்டால் இந்த மனிதர் இதை யாரிடம் சொல்லியிருப்பார்? கர்வமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

27 ஆகஸ்ட், புதன்

சுள்ளியின் நகல் ஒன்று கோட்டைப்பட்டினத்தில் ஓடுகிறது. நைனா முகமது என்று ஒரு போட் எஞ்சின் மெக்கானிக். பெயரைத் 'துடுப்பு' என்று மாற்றியிருக்கிறார். என் வெள்ளைப் பக்கம் பச்சையாகிவிட்டது! ஒவ்வொரு பதிவும் 786 என்று தொடங்குகிறது. அக்கம்பக்கத்து வலைப்பூக்கள் என்று தனியாக ஒரு பக்கம், அதில் நம் சோலையப்பன் அண்ணன்கூட இருக்கிறார். என் பெயர் அடியில், எறும்பு சைஸில்.

எரிச்சல். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உரிமத்தில் கேட்க வேண்டும் என்று நான்தான் எழுதவில்லை. அது தெரிகிறது. தெரிந்தும் எரிகிறதே, என்ன செய்ய.

அப்பாவிடம் புலம்பினேன். "எல்லாரும் எடுத்துக்கங்கன்னு சொன்னது நீதானே? எடுத்துட்டாங்க. இப்ப மூஞ்சியத் தூக்குனா?"

11 செப்டம்பர், வியாழன்

திருச்சியில் கட்டற்ற மென்பொருள் கூட்டம், 21ஆம் தேதி. சுள்ளியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். என்னை! கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்பா ஐந்து பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

18 செப்டம்பர், வியாழன்

போச்சு.

திருச்சியில் காட்டுவதற்காக சோலையப்பன் அண்ணனின் பழைய பதிவுகள் பக்கத்தைத் திறந்தேன். ஒன்றே ஒன்று இருக்கிறது. நாற்பத்தொரு தடவை அனுப்பியிருக்கிறார், இருப்பது ஒன்று.

பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. முதல் வரிதான் கோப்பின் பெயர். அவருடைய முதல் வரி என்றைக்கும் 'உ'. இரண்டாம் பதிவு முதல் பதிவின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூன்றாவது இரண்டாவதன் மேல். முன்பக்கத்தில் புதியது மட்டும் தெரிவதால் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் சோதித்துப் பார்த்த நூறு பதிவிலும் ஒரு 'உ' கிடையாது. எப்படி இருக்கும்? இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது எப்படித் தோன்றும்? ஊரே போடுகிற எழுத்து. அதை யோசிக்காமல் ஊருக்கு என்று ஒன்றைச் செய்திருக்கிறேன்.

சர்வரில் வாராவாரம் எடுத்த காப்பு நகல்? போன வாரத்ததில் ஒரே ஒரு 'உ'. அதற்கு முந்தியதெல்லாம் இடத்தை அடைக்கிறது என்று நானே அழித்துவிட்டேன். எடை குறைச்சலாம், எடை! என்னத்தப் பெருசாக் கிழிச்சேன்?

மரங்கள் பதினொரு பதிவு. எல்லாம் போச்சு.

அவருக்கு இன்னும் தெரியாது. எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. சொல்லாமல் விட்டால் எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? ச்சீ, இப்படி ஒரு கணக்குப் போடுகிறேனே நான்.

19 செப்டம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மதியம் ஒர்க்‌ஷாப் பின்னால் புங்கமரத்து நிழலில் பஸ் நின்றது. போனில் அடுத்த பதிவை எழுதிக்கொண்டிருந்தார். ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தேன். எப்படி ஆனது என்று முழுவதும் சொன்னேன். தப்பு என்னுடையது என்று இரண்டு தடவை சொன்னேன்.

"எல்லாமே போயிருச்சாம்மா?"

"கடைசியா எழுதுனது மட்டும் இருக்குண்ணே."

"கடைசியா என்னத்த எழுதுனேன்?"

"டீக்கடையில வட சின்னதாயிருச்சுன்னு."

ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வட தங்கிருச்சு. மரம் போயிருச்சு. ரெண்டாந்தடவ."

திரும்ப எழுதலாம், நான் உட்கார்ந்து அடித்துத் தருகிறேன் என்று ஏதோ உளறினேன். தலையை ஆட்டினார். "வராதும்மா. அது அன்னைக்கு வந்துச்சு. இப்ப எழுதுனா நெனவு வச்சு எழுதுன மாரி இருக்கும்."

என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலாம். சாயங்காலம் பஸ்ஸில் அவர் வழக்கமாகப் போடும் பாட்டுகூட ஓடவில்லை.

20 செப்டம்பர், சனி

காலை ஆறு மணிக்கு சுள்ளியின் முகப்பிலேயே எழுதிப் போட்டேன். 'சுள்ளியில் ஒரு பெரிய பிழை. முதல் வரி ஒன்றாக இருந்தால் பழைய பதிவு அழிகிறது. ஒருவரின் நாற்பது பதிவுகளை இழந்திருக்கிறோம். பிழை என்னுடையது. அன்புமொழி.' எல்லா நகல்காரர்களுக்கும் மெயில் அனுப்பினேன். நாளைக்குத் திருச்சியில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஏழரைக்குப் போன். கோட்டைப்பட்டினம் நைனா முகமது. "மேடம், நான் எஞ்சினுதான் பாப்பேன். கம்ப்யூட்டரெல்லாம் வீட்ல உள்ளவுகதான்" என்று மனைவி ஜுலைகாவிடம் கொடுத்துவிட்டார். அவர் பி.சி.ஏ. படித்தவர்.

"அக்கா, நாங்க ஆரம்பிச்ச மறுநாளே மொத நாளு எழுதுனதக் காணோம். 786 போடுறோம்ல, அதுனாலன்னு கண்டுபுடிச்சேன். இது எங்க வீட்டுப் பழக்கம், இதப் போயி ஒங்ககிட்ட என்னன்னு சொல்றதுன்னு நானே மாத்திக்கிட்டேன். தேதி, மணி, நிமிசத்த வச்சுப் பேரு போட்டுட்டேன்."

அவர்கள் பழக்கத்தால் வந்தது என்று அவர் நினைத்திருக்கிறார். என் தப்பு என்று தோன்றவே இல்லையாம்!

"அப்பறம்க்கா, அந்த பஸ் டிரைவர் அண்ணன் எழுதுனது எங்ககிட்ட இருக்கு."

"எது?"

"எல்லாந்தான். கடல்ல டவர் எடுக்காதுல்ல. இவுக போட்டுல எஞ்சின் பாக்கப் போறப்பப் படிக்கணும்னு கேட்டாக. அதுனால பக்கத்து வலைப்பூவ எல்லாம் தெனம் சாயங்காலம் எறக்கி வச்சுருவேன். ஆகஸ்ட் மொத வாரத்துலேருந்து இருக்கு. மரத்தப் பத்தி எழுதுனதப் போட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறாகளாம்."

போனை வைத்துவிட்டு அழுதேன். அப்பா பதறிக்கொண்டு வந்தார். "கெடச்சிருச்சுப்பா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. நான் எவர் எடுத்துக்கொண்டார் என்று மூஞ்சியைத் தூக்கினேனோ, அவர் எடுத்துக்கொண்டதால் கிடைத்திருக்கிறது.

முப்பத்திரண்டு பதிவுகள் மதியத்துக்குள் மெயிலில் வந்துவிட்டன. பதினொரு மரப் பதிவும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

திருச்சி. முப்பது பேர். எடுத்துப் போன படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு 'உ' நாற்பது பதிவுகளைத் தின்றதையும், கோட்டைப்பட்டினத்தில் ஒரு பெண் அதை எனக்கு முன்பே சரிசெய்ததையும் சொன்னேன். ஜுலைகாவின் பெயரைச் சொன்னபோது கை தட்டினார்கள். எனக்கே தட்டியதுபோல இருந்தது.

22 செப்டம்பர், திங்கள்

காலை பஸ்ஸில் ஏறும்போதே போனைக் கொடுத்தேன். "இப்பப் பாக்காதீங்கண்ணே, வண்டிய ஓட்டுங்க" என்று சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளைகள் பின்னால் கத்த, பஸ் ஐந்து நிமிடம் அங்கேயே நின்றது. காய்க்காத மரத்தைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் கியர் போட்டார்.

முதல் ஒன்பது பதிவுகள் கிடைக்கவில்லை, அவை கோட்டைப்பட்டினத்துக்கு முந்தியவை என்றேன்.

"அது ரோட்டுப் பள்ளத்தப் பத்துனதும்மா. பள்ளம் அங்கயேதான் கெடக்கு. எப்ப வேணாலும் எழுதிக்கலாம்."

பாட்டு ஓடியது, கொஞ்சம் சத்தமாகவே.

13 அக்டோபர், திங்கள்

சுள்ளியின் இரண்டாம் பதிப்பு வெளியாகிவிட்டது. கோப்பின் பெயர் ஜுலைகா வழியில், தேதியும் நேரமும். முதல் வரியில் 'உ' இருந்தாலும், 786 இருந்தாலும், சிலுவை இருந்தாலும், எழுதியவர் வைத்தபடி மேலே நடுவில் சின்னதாக நிற்கும். தலைப்பு அடுத்த வரியிலிருந்து. எதுவும் போடாதவர்களுக்கு எதுவும் வராது. எங்கள் வீடு மாதிரி. மொத்தம் நாற்பது கிலோபைட்! இரண்டு கூடியிருக்கிறது. கூடட்டும்.

உழைத்தவர்கள் பட்டியலில் மூன்று பெயர்: அன்புமொழி, ஜுலைகா, சோலையப்பன். அண்ணனுக்கு ஒரே கூச்சம். "எம்பேரு எதுக்கும்மா?"

"பிழையக் கண்டுபுடிச்சவங்க பேரும் போடுறது வழக்கம்ண்ணே."

"நான் எங்க கண்டுபுடிச்சேன்? சாமியக் கும்புட்டுட்டு எழுதுனேன்."

எனக்குத் தெரிந்து பதினான்கு ஊரில் நகல் எடுத்திருக்கிறார்கள். தெரியாமல் எத்தனையோ. கேட்காமல் எடுத்தால் இப்போது சந்தோஷமாக இருக்கிறது.

29 அக்டோபர், புதன்

அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு தலைவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

16 நவம்பர், ஞாயிறு

கஜா அடித்து இன்றோடு ஏழு வருடம். காலையிலேயே சோலையப்பன் அண்ணன் பன்னிரண்டாவது மரப் பதிவைப் போட்டிருந்தார். காய்க்காத மரம் நின்ற இடத்தில் ஒட்டுக்கன்று வைத்தாராம். அதுவும் சரியாகக் காய்க்கவில்லையாம். வெட்டிப்போடுவேன் என்று நேற்றுப் போய் மிரட்டிவிட்டு வந்தாராம்.

வழக்கம்போல நான் படிக்கப் போனேன். "குடு, எனக்குக் கண்ணு இருக்கு" என்று அப்பா போனை வாங்கிக்கொண்டார். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன். கூடத்தில் நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டார். மேலே நடுவில் இருப்பதை விட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன்.

"உ" என்று சத்தமாகப் படித்தார். அப்புறம் தலைப்பைப் படித்தார்.