தேதி போடாத வெள்ளிக்கிழமை

இன்று காலை ஆபீஸில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மறுபடியும் குனிந்துகொண்டார். நம்முடைய பஸ் மெசேஜ் புரோகிராமைப் புது வெர்ஷனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சரியாக வருகிறதா என்று பார்க்க எனக்கே ஒரு மெசேஜ் அனுப்பினேன். திறந்து பார்த்தால், 'ஓவர்டைம் பஸ் பிற்பகல் 8.30 மணிக்குப் புறப்படும்' என்று இருக்கிறது.

பிற்பகல் எட்டரை. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கை தானாகப் போனில் உன் பெயரைத் தேடியது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது கைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது. சரி, எழுதியாவது சொல்கிறேன்.

முதல் தடவை அந்த வார்த்தை நம் திரையில் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நீ அப்போதுதான் தையல் ஹாலிலிருந்து டிரான்ஸ்போர்ட் சீட்டுக்கு வந்திருந்தாய். எந்த ஸ்டாப்பில் யாரை ஏற்றுவது, எந்த வண்டி எப்போது கிளம்புவது எல்லாம் உன் பொறுப்பு. நம் ஷூ கம்பெனியில் அந்த சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. ஆறு மாசம் பார்க்கலாம் என்றுதான் கொடுத்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் ரூம். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, வாயும் ஒரே நீளம். போனில் வீட்டுக்கு உருதுவில் கொஞ்சிக்கொண்டே, என்னைத் தமிழில் திட்ட உன்னால்தான் முடியும்.

அதுவரை பஸ் நேரம் இங்கிலீஷில் 20:30 என்றுதான் போகும். பெண்கள் அதை வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் காட்டிக் கேட்பார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அக்கம்பக்கம் போய்க் கேட்க வேண்டும். தமிழில் அனுப்பலாம் சார் என்று மேனேஜர் ரூமுக்குள் போய் நின்றவள் நீ. பண்ணித் தர வேண்டியவள் நான்.

கம்ப்யூட்டருக்கு நேரம் என்பது உள்ளுக்குள்ளே வெறும் ஒரு நீளமான எண். என்றைக்கோ ஒரு நாளிலிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். மனுஷர் படிக்கிற மாதிரி அதை எழுத்தாக மாற்ற நாம் ஒரு வடிவம் சொல்ல வேண்டும். முதலில் நாள் வரட்டும், பிறகு மாசம், பிறகு மணி, மொழி தமிழ் என்று. இதை உனக்கு விளக்கியபோது, "ஓ, தோல் ஒண்ணுதான், எந்த கால் அச்சுல மாட்டறமோ அந்த ஷூ" என்றாய். எந்தப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. உன்னிடம் அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் உன்னைப் பிடிக்க முடியாது.

அப்புறம் திரையில் பிற்பகல் எட்டரை வந்தது. "இன்னாடி இது? பிற்பகல்னா சோறு துன்னுட்டு கண்ணு சொருகற நேரம். எட்டரைக்கு இன்னா பிற்பகல்?"

"தமிழ்னு சொன்னா அது இதத்தான் குடுக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

"அதுக்குத் தெரியலன்னா நீ சொல்லிக் குடு. அதுக்குத்தான சம்பளம் வாங்கற."

சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால் புது சண்டை. காலை எத்தனை மணிக்கு முடிகிறது? மதியம் எப்போது தீர்ந்து சாயங்காலம் தொடங்குகிறது? கம்ப்யூட்டருக்கு ஒரு எல்லை சொல்லியாக வேண்டும். நீ நேராகத் தையல் ஹாலுக்குப் போய் மெஷின் மெஷினாகக் கேட்டுக்கொண்டு வந்தாய். நாலு மணியை மதியம் என்றவர்கள் பாதி, சாயங்காலம் என்றவர்கள் பாதி. புருஷன் எந்திரிக்கிற வரைக்கும் காலைதான் என்று ஒருத்தி சொன்னாளாம். கடைசியில் நீயே தீர்ப்பு எழுதினாய். "மூணரைக்கு டீ பெல் அடிக்குதுல்ல, அதுக்கப்புறம் சாயங்காலம். ஆறரை தாண்டினா ராத்திரி. முடிஞ்சுது." அந்த மூன்றரையை அப்படியே புரோகிராமில் எழுதினேன். அந்த வரி இன்னும் இருக்கிறது. இன்று புது வெர்ஷன் அதை ஓரங்கட்டிவிட்டு பிற்பகலைக் கொண்டுவந்து வைத்தது. பத்து நிமிஷத்தில் உன் சட்டத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அந்த வெற்றி நம் இரண்டு பேருக்கும் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்து நீ தேதியில் கை வைத்தாய். "தேதி எதுக்குடி? எவ காலண்டர் பாத்துட்டு பஸ் ஏறுறா? நாளைக்குன்னு போடு. வீட்ல பேசற மாதிரி இருக்கணும்." தேதியும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நான் முனகினேன். முனகியதோடு சரி. பஸ் வருகிற நாள் இன்றைக்கு அடுத்த நாளாக இருந்தால் தேதியை எடுத்துவிட்டு 'நாளைக்கு' என்று போடு என எழுதிக் கொடுத்தேன். அது நன்றாகவே ஓடியது. நம் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தானே உள்ளே வரவேண்டும், ஷூ மாடலைப் படம் எடுத்துவிடுவார்கள் என்று. சாயங்காலம் பெண்கள் போனைத் திரும்ப வாங்கும்போது 'நாளைக்கு காலை 7.30' என்று மெசேஜ் காத்திருக்கும். படிப்பார்கள், மறுநாள் ஏறுவார்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. நமக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. வண்டியெல்லாம் போன பிறகு, வெளிநாட்டு ஆர்டர்காரர் மறுநாளே காலை ஒன்பது மணிக்குத் தையல் லைன் ஓடுவதைப் பார்க்க வருகிறார் என்று தகவல். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எழுபது பேர் வந்தா ஒரு லைன் ஓடும்ல சார்? ஏழரைக்கு இறக்கறேன்" என்றாய். வரவில்லை என்றால் என்று கேட்டார். "வரலன்னா நான் தையலுக்கே போய்ட்றேன் சார். இந்த மெசேஜும் வேணாம்." கதவுக்கு வெளியே உன் கையைப் பிடித்து இழுத்து, எல்லோருக்கும் போன் போட்டுவிடலாம் என்றேன். எழுபது பேருக்கும் போன் போடுவதென்றால் நம்ம மெசேஜ் எதற்கு இருக்கிறது என்று கேட்டாய். ஒரே ஒரு பட்டனை அழுத்திவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம்.

காலை ஆறு இருபதுக்கு உன் போன். நீ முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போயிருந்தாய். "ஸ்டாப்புல ஈ காக்கா இல்லடி." நான் மெசேஜைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் அனுப்பியது எங்கேயோ மாட்டிக்கொண்டு, அன்று விடியற்காலம்தான் வந்து சேர்ந்திருந்தது. 'நாளைக்கு காலை 6.15 மணிக்கு பஸ் வரும்.' வெள்ளிக்கிழமை விடிந்து அதைப் படித்த எழுபது பேரும், சனிக்கிழமை பஸ் சீக்கிரம் வருகிறது போல என்று நினைத்துவிட்டு, லீவு நாள் தானே என்று திரும்பிப் படுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு ரோட்டில் உங்கள் பஸ்ஸைப் பிடித்தேன். திட்டுவாய் என்று பயந்துகொண்டு ஏறினேன். நீ என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். "அழறதுக்கு டைம் கம்மிடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். டிரைவர் அண்ணன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். நீ மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, பூசாரியிடம் மைக்கை வாங்கிக்கொண்டாய். "கம்பெனி பொண்ணுங்க எல்லாரும் கேளுங்க. பஸ் இன்னைக்குத்தான். நாளைக்கு இல்ல, இன்னைக்கு. நிக்குது, வாங்க." ஊரே விழித்துக்கொண்டது. ஈரத் தலையோடு வந்தார்கள், பாதி பின்னிய ஜடையோடு வந்தார்கள். தையல் ஹால் மல்லிகா இட்லித் தட்டோடு ஏறி, பஸ்ஸிலேயே எல்லோருக்கும் ஊட்டிவிட்டாள். அடுத்த ஊரில் உனக்கு மைக் கிடைக்கவில்லை, உன் தொண்டையே போதுமாக இருந்தது. பஸ் திரும்பும்போது உள்ளே ஒரே பாட்டும் கூத்தும். எட்டே முக்காலுக்குக் கேட்டில் இறங்கினோம். நீ எண்ணினாய். எழுபத்திரண்டு. கம்பெனியிலேயே வேலை செய்யாத இரண்டு பேர் வேடிக்கை பார்க்க ஏறியிருந்தார்கள்.

ஒன்பதுக்கு லைன் ஓடியது. வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இங்கே எல்லோரும் இவ்வளவு சந்தோஷமாக வேலை செய்கிறார்களே, இன்றைக்கு ஏதாவது பண்டிகையா என்று மேனேஜரிடம் கேட்டாராம். அவர் போனதும் மேனேஜர் நம்மைக் கூப்பிட்டார். "நான் சொல்லித்தான் சார் போட்டா" என்று நீ. "எழுதினது நான் சார்" என்று நான். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி குறுக்கே விழுந்ததில் அவருக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து சரி பண்ணுங்கள் என்றார். நீ அந்த சீட்டில்தான் கடைசி வரைக்கும் இருந்தாய்.

டீக்கடையில்தான் நான் பொங்கினேன். நாம் எழுதுகிற நேரம் வேறு, அவர்கள் படிக்கிற நேரம் வேறு, அனுப்பிய பிறகு அந்த 'நாளைக்கு' எந்த நாளை ஒட்டிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும், அப்பவே சொன்னேனே என்றேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க சொன்ன? முனகின. தெரிஞ்சவ முனகினா தெரியாதவ எப்டிடி நிறுத்துவா? கத்தியிருக்கணும்" என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் நீ சொன்னது நியாயம். அன்று மத்தியானமே கிழமை, தேதி, காலை, மணி என்று நாலும் வருகிற மாதிரி மாற்றினேன். என்னையும் மாற்றிக்கொண்டேன். தெரிந்ததை இப்போது நான் முனகுவதில்லை. மீட்டிங்கில் என் குரல் கேட்டால் சிலர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எல்லாம் உன்னால்தான்.

கடைசியில் நீ வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாய். 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. நம்ம கேன்டீன் சமோசா ரெண்டு, நர்ஸுக்கு தெரியாம.' கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். ஒரு கடிதான் கடித்தாய், ஆனால் இரண்டு மணி நேரம் சிரித்தோம். நர்ஸ் வந்து என்னைத் துரத்த வேண்டியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நீ இல்லை. ரொம்ப நாள் அந்த மெசேஜைத் திறக்கவே மாட்டேன் என்று இருந்தேன். தைரியம் வந்து ஒரு நாள் திறந்தபோதுதான் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பாடம் எடுத்தவள், தேதி போட மறந்திருக்கிறாய். கிழமை இருக்கிறது, சாயங்காலம் இருக்கிறது, மணி இருக்கிறது. எந்த வெள்ளிக்கிழமை என்று இல்லை.

அப்படியென்றால் அது எல்லா வெள்ளிக்கிழமைக்கும் செல்லும். அதனால் வாரா வாரம் ஐந்து மணிக்கு உன் வீட்டுக்குப் போகிறேன். உன் அம்மாவை நீ கூப்பிட்ட மாதிரியே நானும் அம்மீ என்றுதான் கூப்பிடுகிறேன். நாலரைக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உன் மகள் இப்போது என் தோள் உயரம், என்னை வம்புக்கு இழுக்காமல் விடுவதில்லை. பிற்பகல் எட்டரையை அவர்களிடம் சொல்ல வேண்டும், மூன்று பேரும் சேர்ந்து இன்னொரு தடவை சிரிக்க வேண்டும். இன்றைக்கு வியாழக்கிழமை. இதை நீ எப்போது படிப்பாயோ எனக்குத் தெரியாது, அதனால் நாளைக்கு என்று எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை, சாயங்காலம், ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன்.